மைக்ரோவின் விரல்கள்

ஆறடி உயரம், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஆனாலும் பட்டறைக்காரர்களுக்கு அவர் ‘மைக்ரோ’தான். டீசல் என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காருகிற வழவழப்பான கழுத்துகளை மைக்ரோமீட்டரால் அளந்து, தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

கொஞ்ச காலமாக அந்த விரல்களின் நுனி மரத்துக் கிடந்தது. முதலில் சட்டைப் பொத்தான் பிடிபடவில்லை. பிறகு சுடுதண்ணீர் சுடவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

தங்கை புருஷனின் லாரி என்ஜினைப் பிரித்தபோது, “தேய்மானம் இல்ல, புது பேரிங் போட்டு மாட்டு” என்று சொன்னவர் அவர்தான். சுமையோடு மேடேறும்போது பேரிங் உருகி என்ஜின் இறுகிப்போனது. பின்னால் சரிந்த லாரி ஒரு பாறையில் முட்டி நின்றதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கிராங்க்கைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வந்து நின்றான்.

“பேரிங் கடைக்காரன் போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டான் மச்சான். பேரிங் உருகாத மத்த கழுத்தை அளந்து சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

மைக்ரோ அளந்தார். அதே இடத்தில் மறுபடி அளந்தார். வேறு அளவு வந்தது. இன்னொரு முறையும் வேறுதான். கருவி கழுத்தைத் தொடுகிறதா, நெரிக்கிறதா என்று விரலுக்குத் தெரியவில்லை.

பல வருடம் கூடவே வேலை பார்த்த மனைவி கருவியை வாங்கிக்கொண்டாள். குறுக்கே ஓர் அளவு, நெடுக்கே ஓர் அளவு. உருண்டையாக இருக்க வேண்டிய கழுத்து முட்டையாகத் தேய்ந்திருந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கருவியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

ஆமாம் போட்டுவிடலாம். கடைக்காரன் தலையில் பழி விழும், அவ்வளவுதான்.

“கடைக்காரன் மேல தப்பில்ல மாப்பிள்ளை. கழுத்து அப்பவே போயிருக்கு. என் கை மரத்துப்போச்சு. மறைச்சுட்டேன்.”

மாப்பிள்ளை கிராங்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“உங்க தங்கச்சியும் வண்டியில இருந்தா மச்சான்.”

கிராங்க்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது மனைவி எடுத்து அவர் காதில் வைத்தாள்.

“அண்ணே, கை ரொம்ப வலிக்குதா?”

“வலிக்கவே இல்லம்மா” என்றார்.