அட்ராக்டா மும்முறை மீட்ட சீமான்

கில்டரிக் துறைமுகத்தில் அட்ராக்டாவிடம் தலையைக் கொடுக்காத பெண் கிடையாது. ஊரில் இருந்த ஒரே முடிதிருத்தும் கடை அவளுடையது. அவள் இடுப்பில் எப்போதும் ஒரு பேஜர் தொங்கும். அது அலறினால் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஊரின் மீட்புப் படகை ஓட்டுவதும் அவள்தான். அதற்குச் சம்பளம் கிடையாது. அயர்லாந்தின் டொனகல் கரையில் யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

கிரிஸ்பின் முதன்முறை கடலில் மாட்டிக்கொண்ட அன்று, அஞ்சலகத்துப் பிலோமினா தலை நிறையச் சாயத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மகளுக்குக் கல்யாணம்.

"கொஞ்ச நேரம் கழிச்சு நீங்களே கழுவிடுங்க பிலோமினா!" என்று சொல்லிக்கொண்டே அட்ராக்டா ஓடினாள்.

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம்டீ?" என்ற கேள்வி மூடிய கதவில் மோதி நின்றது.

கிரிஸ்பின் லண்டன்காரர். அப்பா விட்டுப்போன சிமென்ட் ஆலையை விற்று, காலால் மிதித்தே அமெரிக்கா போய்ச் சேரும்படி ஒரு மஞ்சள் படகைச் செய்துகொண்டு வந்திருந்தார். ஊர் மாதாகோயில் கோபுரம் கண்ணைவிட்டு மறைவதற்குள் சுக்கான் உடைந்துவிட்டது. அட்ராக்டா கயிற்றை வீசியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "பார்த்து இழுங்க, பெயின்ட் புதுசு."

கல்யாணப் படங்களில் பிலோமினாவின் தலை கேரட் நிறத்தில் இருக்கிறது. மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் எல்லோருக்கும் அதுதான் கண்ணில் படும்.

அடுத்த வருடம் சீமான் மறுபடி கிளம்பினார். இந்தமுறை புயல். மீட்புப் படகும் மஞ்சள் படகும் ஏறி இறங்கி முட்டிக்கொண்டிருந்தன. அட்ராக்டாவின் கணவன் மேனஸ், பக்கவாட்டில் தொங்கியபடி கையை நீட்டினான். கிரிஸ்பின் தன் கையைக் கொடுக்கவில்லை. ஒரு பையைக் கொடுத்தார்.

"முதல்ல இதை வாங்குங்க! கேமரா! படமெல்லாம் இதுலதான் இருக்கு!"

மேனஸ் பையை வாங்கினான். அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. அவன் வலது கையில் இரண்டு விரல்கள் படகுகளுக்கு நடுவே நசுங்கிப் போயின. பையைக் கொடுத்த கையோடு கிரிஸ்பின் தன் படகுக்குள் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. லாப்ஸ்டர் இறால் பிடிக்கும் கூண்டுகளை இழுத்துப் பிழைப்பவனுக்கு அந்த இரண்டு விரல்கள்தான் பாதித் தொழில்.

அந்தக் குளிர்காலத்தில் ஊர் ஹோட்டலில் கிரிஸ்பின் தன் படத்தைப் போட்டுக்காட்டினார். மீட்டவர்களுக்கு முன்வரிசை கொடுத்திருந்தார். புயல் காட்சி வந்ததும், "அந்த நொடியிலதான் பயணத்தை நிறுத்திக்கலாம்னு முடிவெடுத்தேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மேனஸும் தட்டினான். சத்தம்தான் கொஞ்சம் கம்மியாக வந்தது.

மூன்றாம் முறை பேஜர் அலறியபோது, கூப்பிடுவது யார் என்று தெரிந்ததும் படகுக் கொட்டகையில் ஒருவரும் நகரவில்லை.

"கொஞ்சம் ஊறட்டுமே, என்ன இப்போ?" என்றான் ஒருவன்.

"ஊறப்போட அவரு என்ன கருவாடா? ஏறுங்கடா" என்றாள் அட்ராக்டா.

ஆனால் வழியெல்லாம் அவளுக்குள் கொதித்தது. அந்த மனுஷனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியமாகத் தயார்செய்துகொண்டே போனாள். போய்ப் பார்த்தால் மஞ்சள் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் உதடு நீலம்பாரித்து ஒட்டிக்கொண்டிருந்தார் கிரிஸ்பின். மேலே இழுத்துப் போட்டதும் அவள் சட்டைக் கையைப் பிடித்தவர் கரை வரும்வரை விடவில்லை. நடுவில் ஒருதரம் "அம்மா" என்றுகூடச் சொன்னார். தயார்செய்த வாக்கியங்கள் எல்லாம் வீணாய்ப் போயின. அவர்மேல் பரிதாபம் வந்துவிட்டதுதான் அவளுக்குத் தாங்கமுடியாத எரிச்சல்.

மறுநாள் உப்பில் சிக்குப்பிடித்த தலையோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே, படகுத்துறையில் மேனஸ் பல்லால் கயிற்றைக் கடித்துப்பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அவர் கைக்கு என்ன ஆச்சு?"

"உங்க கேமராப் பை" என்றாள் அட்ராக்டா. கத்திரிக்கோல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கிரிஸ்பின் மறுபடி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"தலையை ஆட்டாம இருங்க."

சீமான்கள் வழக்கமாகச் செய்வதுபோல ஏதாவது அனுப்பிவைத்துவிட்டு மறந்துவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் குன்றின்மேல் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு ஆளாகவே வந்து சேர்ந்தார். மீட்புப் படகில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒத்திகைக்கு ஏற்றிப் பார்த்தார்கள். துறையைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல் ஆகிவிட்டது. அமெரிக்காவுக்குப் போகவிருந்தவரைக் கரையில் படகு இறக்கும் வேலைக்குப் போட்டார்கள், விரல் போனபின் கரை வேலைக்கு வந்துவிட்ட மேனஸின் கீழே. காலையில் அவனுடைய கூண்டுகளுக்கு இரை கட்டுவதும் அவர்தான். "இழு", "விடு", "அப்படி இல்லய்யா" என்று மூன்றே கட்டளைகளில் மேனஸ் அவரை மேய்த்தான்.

"மன்னிச்சிட்டியா?" என்று ஒருநாள் அட்ராக்டா கேட்டாள்.

"மன்னிக்கிறதாவது? இந்த ஆளு கரையில இருந்தா உனக்கு ஒரு வேலை மிச்சம்."

போன வசந்தத்தில் ஒரு ஓய்வுபெற்ற வங்கிக்காரரும் அவர் மனைவியும் காற்றடைத்த படகில் ஐஸ்லாந்துக்குக் கிளம்பி, நடுவழியில் உதவி கேட்டார்கள். படகை இறக்கும்போது எல்லோரையும்விட உரக்கக் கத்தியது கிரிஸ்பின்தான்.

"கொழுப்பெடுத்தவங்க! இவங்ககிட்ட முழுச் செலவையும் வசூல் பண்ணணும்!"

கொட்டகையே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"பில்லுக்குப் பயந்தா கடைசி மூச்சு வரைக்கும் கூப்பிட மாட்டாங்க" என்றாள் அட்ராக்டா, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே. "அப்புறம் போனா பொணத்தைத்தான் கட்டி இழுத்துட்டு வரணும். கயித்தை விடுங்க கிரிஸ்பின்."

அவர் விட்டார். படகு சரிந்து தண்ணீரில் விழுந்து, சீறிக்கொண்டு போனது.

அது சின்னதாகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு அப்பவே பில் போட்டிருந்தா மறுபடி போயிருக்க மாட்டேனோ என்னவோ" என்றார் கிரிஸ்பின்.

"போயிருப்பே. உன்கிட்டதான் காசு இருந்துச்சே" என்றான் மேனஸ்.