மூட ஆளில்லாத கோப்பு

செகந்திராபாத் தார்நாகா வீட்டுக் கணினியில், கோப்புகளைத் திருத்தும் எடிட்டர் மென்பொருளைத் திறந்தே வைத்துவிட்டு அலுவலகம் போவது என் வழக்கம். அங்கிருந்து கட்டளை தட்டினால் வீட்டுத் திரையில் கோப்பு திறக்கும். அன்று மதியம், காத்திருக்க வேண்டாம் என்று கட்டளையில் சேர்க்க மறந்து தொலைத்தேன். வீட்டில் யாராவது கோப்பை மூடும்வரை இங்கே கட்டளை முடியாது. யார் மூடுவது? மனைவி மதுரைக்கு மாற்றலாகிப் போய் எட்டு மாதம்.

“நிறுத்திடு பா, கைக்கு காத்துட்டிருக்கே?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். செகந்திராபாத்திலேயே வளர்ந்தவர்; ‘ஏன்’ என்பதற்கு அவர் வாயில் அந்த ஊர் ‘கைக்கு’தான் வரும்.

இரண்டு விசைகளை அழுத்தினால் போதும். மனம் வரவில்லை.

மாலை வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் கோப்பை மூடினேன். அந்த நொடியே அலுவலகத்தில் கட்டளை முடிந்திருக்கும். பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.