உப்பு ஜாடியைச் சுற்றி வந்த ஐம்பத்தோராம் பக்கம்

விருத்தாசலத்துக்கு இதுவரை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் போயிருக்கிறேன். போன மாதம் துப்பு துலக்கப் போனேன். செராமிக் ஊரைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதில் பயன் உண்டு. ஆனால் என் கோபத்தையும் சேர்த்துத்தான் படித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். விழுப்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தோழிகள் சிலர் சேர்ந்து வருஷா வருஷம் புதிதாக வந்த சிறுவர் புத்தகங்கள், இளையோர் நாவல்களில் உசத்தியானதாகப் பார்த்து வாங்கி, ஒரு வாசிப்பு அறைக்குக் கொடுப்போம். போன வருஷக் கட்டு விருத்தாசலம் போனது. செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் படிக்கும் அறை அது. எனக்கு யாரையும் லேசில் நம்புகிற சுபாவம் கிடையாது. அதனால் எல்லாப் புத்தகத்திலும் ஐம்பத்தோராம் பக்கத்தில் யாருக்கும் சொல்லாமல் என் கடை முத்திரையைக் குத்திவிடுவேன்.

அப்புறம் என் நாத்தனார் அதே ஊரிலிருந்து ஓர் உப்பு ஜாடி வாங்கி வந்தாள். சுற்றியிருந்த தாளைப் பிரித்தால் என் முத்திரை! அண்ணனைத் தேடி லாரி ஏறிப் போகும் பெண்ணின் கதை. நான் தோழிகளோடு சண்டை போட்டுச் சேர்த்த நாவல். (பெயர் சொல்ல மாட்டேன், கமிஷன் வாங்கினேன் என்பீர்கள்.) இந்த வருஷக் கட்டையும் அங்கேயே கொடுப்பதாக இருந்தோம். பொட்டலம் மடிக்கத்தான் போகிறது என்றால் இனி ஒரு புத்தகம்கூடக் கிடையாது, நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை ஏழரை பஸ். உளுந்தூர்பேட்டை, மங்கலம்பேட்டை வழியாக அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மங்கலம்பேட்டையில் ஜன்னல் வழியாகச் சமோசா வாங்கினேன், மூன்று இருபது ரூபாய். சுற்றியிருந்த தாளை முன்னும் பின்னும் படித்துப் பார்த்தேன். யாரோ பிள்ளையின் பரீட்சைத் தாள், நல்ல மார்க்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். டிரைவரிடம் விசாரித்தேன்.

"புக்கு ரூமா? தெரியும் மேடம். பசங்க எப்பப் பாத்தாலும் தாளும் கையுமா திரியுதுங்க."

"தாளா, புக்கா?"

"தாளுதாங்க. புக்கு ஒண்ணும் நான் பாக்கல."

நினைத்தது சரியாய்ப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். உடனே அறைக்குப் போகவில்லை. ஜாடி வாங்குகிறவள் மாதிரி பக்கத்துக் கம்பெனிக்குள் நுழைந்தேன். ஒருவர் அச்சில் களிமண் கரைசலை ஊற்ற, அடுத்தவர் பிரித்து ஓரம் சுரண்ட, அதற்கடுத்தவர் கிளேஸ் என்கிற மெருகுக் கரைசலில் முக்க, கப்புகள் பலகைகளில் வரிசையாக நகர்ந்துகொண்டே இருந்தன. பார்க்க வேண்டிய காட்சிதான். என் கண் மட்டும் மூலையில் கிடந்த பொட்டலத் தாள் குவியலில் இருந்தது. கிளறிப் பார்த்தேன். எல்லாம் பழைய பேப்பர்.

"என்னக்கா தேடுறீங்க?" என்றார் கப்பு முக்கிக்கொண்டிருந்த செல்வி. வாசிப்பு அறைச் சாவி அவரிடம்தானாம். பையிலிருந்த ஐம்பத்தோராம் பக்கத்தை எடுத்து நீட்டினேன். அவர் முகம் மாறிப்போச்சு. கையைத் துடைத்துக்கொண்டு என்னை அறைக்குக் கூட்டிப் போனார்.

அலமாரியில் எங்கள் புத்தகங்களின் அட்டைகள் நின்றன. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு நண்டுப் படக்கதை மட்டும் முழுசாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாயில் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்.

"யாரு கிழிச்சது?"

பத்தாவது படிக்கும் மெர்சி எழுந்தாள். "நாந்தான் மிஸ்." (புத்தகம் கொடுத்தால் மிஸ் ஆகிவிடுகிறோம்.) "கிழிக்கல, பிரிச்சோம். ஒவ்வொரு கதைக்கும் இருக்குறது ஒரே புக்கு. ஒருத்தி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க சும்மா ஒக்காந்திருக்கணுமா? எங்கம்மா சுரண்டுன கப்பை அப்பவே செல்வியக்கா முக்குறாங்கல்ல? எல்லாம் முடியட்டும்னு நின்னா எப்ப வூட்டுக்குப் போறது?"

"நண்டை ஏன் விட்டீங்க?"

"அதுல படம் ரெண்டு பக்கத்துக்கும் சேந்தாப்ல இருக்குது."

ஜன்னலோரம் ஒரு கப்புப் பலகை. அதன்மேல் நாவல் அத்தியாயம் அத்தியாயமாக, கிளிப் போட்டு வரிசையாக இருந்தது. முதல் அத்தியாயத்தை முடித்தவள் அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்வாள். ஒருநாள் யாரோ கம்பெனிப் பலகை என்று அதைத் தூக்கிப் போக, ஒரு தாள் பறந்து பொட்டலக் குவியலில் விழுந்திருக்கிறது.

அப்போதும் நான் நம்பவில்லை. ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டேன். லாரி டிரைவர் பெயர் என்ன, அவள் வளையலை ஏன் விற்றாள்? டக்டக்கென்று பதில் வந்தது. தொலைந்த தாளில் என்ன இருக்கும் என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு கதை. தாளைக் கொடுத்தேன். மெர்சி சத்தமாகப் படித்தாள். டோல்கேட்டில் அண்ணன் தங்கச்சியைப் பார்க்கிறான். பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுகிறான்.

"அவ்ளோ தூரம் வந்தாளே மிஸ்" என்றாள் ஒரு சின்னப் பெண், கண் கலங்க. எனக்கும் அதே இடத்தில்தான் கலங்கியது. அதற்காகத்தான் சண்டை போட்டேன்.

இந்த வருஷக் கட்டும் உங்களுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மெர்சி கொஞ்சம் யோசித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். நூல் போட்டுத் தைச்ச புக்கு வேணாம், பிரிக்கவே வர மாட்டேங்குது. பசை போட்டு ஒட்டுனதா பாத்துக் குடுங்க."

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். கம்பெனிக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள், என்னைப் போல வேண்டாம். ஜாடியை விரலால் சுண்டிப் பார்த்து வாங்குங்கள். புத்தகம் கொடுப்பவர்கள் அலமாரியைப் பார்க்காமல் பிள்ளைகளிடம் கதை கேளுங்கள்.

போன வாரம் இங்கே ஒரு புத்தகக் கடையில், இந்த வருஷம் வந்த இளையோர் நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதுகை விரித்து, பசையா நூலா என்று நகத்தால் நெருடிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் எழுந்து வந்தார்.

"கதை எப்படின்னு பாருங்க மேடம். கிழியுமான்னு ஏன் பாக்குறீங்க?"

"கிழிக்கத்தாங்க வாங்குறேன்" என்றேன். நான் கிளம்பும்வரை மனுஷன் என் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.