கையைப் பார்த்துத்தான் காய் வெட்டுவேன்

இளநீர் வியாபாரம் அடுத்தவர் வாசலில் நின்று செய்கிற வியாபாரம். அதனால் அந்த வாசலுக்குள் நடக்கிற தப்புக்கும் நாம்தான் பொறுப்பு. என் தலையில் தப்பைக் கட்டியவன் பெயர் சம்பத். கிருமாம்பாக்கம் பக்கம் கடலூர் ரோட்டில் ஒரு சின்ன டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது. கிட்னி கெட்டவர்களின் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுகிற இடம். அதில் அவன் டெக்னீஷியன். வாசல் வேப்பமரத்தடியில் என் வண்டி நின்றது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அடுத்தவர் வாசலில் பூவோ இட்லியோ விற்று ஏச்சு வாங்கியவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

விஷம் விற்றவன்

அபிஷேகப்பாக்கத்திலிருந்து லூர்துமேரி என்று ஒரு அம்மா வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு வருவார். நாற்று நட்டுப் பிழைத்தவர். ஒருநாள் உள்ளே போகும்போது என்னிடம் இரண்டு காய் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அரை மணி நேரத்தில் சம்பத் ஒரு தாளோடு வெளியே ஓடி வந்தான். லூர்துமேரியின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு இருக்கிறதாம். ஐந்தைத் தாண்டினாலே பயமாம். இளநீரில் பொட்டாசியம் ஏகமாம். "யோவ், உன் எளநியக் குடிச்சிதான் அந்தம்மா சாவக் கெடக்குது. விஷம் விக்கிற நீ" என்றான்.

இரண்டு காயும் கர்ப்பமாக இருந்த மருமகளுக்காக வாங்கியவை, பையில் அப்படியே இருந்தன. அதை யாரும் கேட்கவில்லை. நிலையத்து முதலாளி வந்து வண்டியை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தள்ளச் சொன்னார். அங்கே மரம் கிடையாது, வெயில்தான். மறுநாள் காலை வாசலில் சம்பத் ஒரு போர்டு மாட்டினான். இளநீர் படம், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. ஆனால் அன்றைக்கு என் நெஞ்சில் தைத்தது சம்பத்தின் பேச்சுகூட இல்லை. என் வண்டியருகே பாதிக் காய் குடித்தபடி நின்றிருந்தவர் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாரே, அதுதான்: "பெரியவரே, மிச்சத்தக் குடிக்கலாமா, கீழ ஊத்திடவா?"

எல்லைக்கு அந்தப் பக்கம்

நர்ஸ் ஸ்டெல்லா நல்ல பெண். மதியம் ரோட்டைத் தாண்டி வந்து ஒரு காய் குடிப்பாள். "இத்தினி வருஷம் நான் குடிக்கிறேன், எனக்கு இன்னா ஆச்சி? இன்னாம்மா அந்தப் பொட்டாசியம்?" என்று கேட்டேன். அவள் ரோட்டைக் கையால் காட்டினாள். "நம்ம ஊர்ல சரக்கு வெல கம்மி. எல்லைக்கு அந்தாண்ட கடலூர்ல ஜாஸ்தி. கதவு தொறந்தா பாட்டில் எந்தப் பக்கம் ஓடும்? அந்தப் பக்கம்தான். உடம்புல ஒவ்வொரு செல்லும் நம்ம ஊரு மாதிரி. உள்ள பொட்டாசியம் குமிஞ்சி கெடக்கும், வெளிய கொஞ்சந்தான். சுத்தியிருக்கிற சுவரு எண்ணெய்ப்பசை, அதுவழியா எந்த உப்பும் போவாது. அதுல சின்னச் சின்னக் கதவு இருக்கு. தொறந்தா பொட்டாசியம் வெளிய நழுவும். வெளிய கெடக்கிற சோடியம் உள்ள நுழையும்."

"அப்ப கொஞ்ச நேரத்துல ரெண்டு பக்கமும் சமமாயிடுமே?" என்றேன்.

"ஆவாது. சுவத்துலயே ஒரு பம்பு நிக்கிது. மூணு சோடியத்த வெளிய தள்ளும், ரெண்டு பொட்டாசியத்த உள்ள இழுக்கும். லீவே கெடையாது. அந்த வித்தியாசத்துலதான் இதயமே துடிக்கிது. வெளிய சேர்ற மிச்சத்தக் கிட்னி கொட்டிடும். கிட்னி படுத்துட்டா வெளிய சேர்ந்துக்கிட்டே போவும், வித்தியாசம் கொறையும், இதயம் தடுமாறும். ரெண்டு பக்கமும் ஒரே வெலன்னா எவன் எல்லை தாண்டுவான்?"

எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பம்பு லஞ்சம் வாங்குமா சிஸ்டர்?"

முழுக்கைச் சட்டை

விஷயம் தெரிந்த பிறகு சும்மா வெட்டித் தள்ள மனசு வரவில்லை. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு முன்கையில் ஆபரேஷன் செய்து நரம்பைப் பெரிதாக்கி இருப்பார்கள். கயிறு சுருண்ட மாதிரி புடைத்திருக்கும். அதனால் முதலில் கையைப் பார்ப்பேன். புடைப்பு இருந்தால் காய் கிடையாது. விஷம் விற்றவன் என்று பேர் வாங்கிய எனக்குப் பாதி வியாபாரம் போனது இப்படித்தான்.

ஒரு தடவை மண்ணாடிப்பட்டிலிருந்து நிச்சயதார்த்தத்துக்கு வந்த ஆளைக் கையிலிருந்த கொழுப்புக்கட்டியைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வேனிலிருந்து இறங்கி எனக்குக் கொழுப்பைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். நோயாளிகளும் உஷாரானார்கள். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் மணிக்கட்டுவரை பட்டன் போட்டு வந்து நின்றார். கையை மடிக்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "பாரிஸ்ல ஏரோப்ளேன் எறங்கினப்பகூட என்னை இப்படிச் சோதனை போடலபா. ஒரு எளநிக்குப் போடற."

சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை ஊசி

பாகூர் ஏழுமலை கரும்புக்காரர். மகள் கல்யாணத்துக்காக டயாலிசிஸை இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டு, பந்தியில் வாழைப்பழத்தையும் ஒரு கை பார்த்துவிட்டார். கால் துவண்டு, நெஞ்சு தாறுமாறாக அடிக்க, நாலு பேர் தூக்கி வந்தார்கள். சம்பத்தின் கண் முதலில் ரோட்டைத் தாண்டி என் மேல்தான் வந்தது. "கையப் பாத்தேன், குடுக்கல" என்று இங்கிருந்தே கத்தினேன்.

உள்ளே போன அவர் மனைவி கொஞ்ச நேரத்தில் கோபமாக வெளியே வந்து என் வண்டியருகே உட்கார்ந்தார். "சக்கரையே இல்லாத மனுசனுக்குச் சக்கரை ஊசி போடறாங்க. கூடவே குளுக்கோசும் ஏத்தறாங்க. இதுங்களுக்குப் பைத்தியமா?" என்றார். பின்னாலேயே வந்த ஸ்டெல்லா பொறுமையாகச் சொன்னாள். அந்த ஊசி பம்பை முடுக்கிவிடுமாம். வெளியே மிதக்கிற பொட்டாசியத்தைச் செல்லுக்குள்ளே தள்ளிவிடுமாம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்கக் குளுக்கோஸ். உடம்பை விட்டு எதுவும் போய்விடாது, மெஷினில் போடும்வரை நெஞ்சுக்குத் தொந்தரவு செய்யாமல் ஒளித்து வைப்பதுதான். அந்த அம்மா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "ஓ, வூட்டுக்கு சம்பந்தி வந்தா அழுக்குத் துணியெல்லாம் கட்டிலுக்கடியில தள்றாப்ல. அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

சாயங்காலம் மெஷின் முடிந்து ஏழுமலை நடந்தே வெளியே வந்தார்.

உடைந்த ரத்தம்

லூர்துமேரிக்குப் பேரன் பிறந்தான். மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தவர், போகிற போக்கில் ஒன்று சொன்னார். "அன்னிக்கு உன்னத் திட்டினாங்களே, மத்தியானமே ரத்தம் திரும்ப எடுத்தாங்கபா. எனக்கு ஒண்ணுமே இல்ல, அஞ்சுக்குள்ளதான் இருந்துச்சாம். டாக்டரு அந்தப் புள்ளயத்தான் புடிபுடின்னு புடிச்சாரு, ஊசிய ஏன் வேகமா இழுத்தேன்னு."

எனக்கு மிட்டாய் கசந்தது. ஸ்டெல்லாவைக் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். சன்ன ஊசியில் வெடுக்கென்று இழுத்தால் ரத்தத்தின் செல்கள் உடைந்துவிடுமாம். சுவரே உடைந்த பிறகு கதவு ஏது, பம்பு ஏது? உள்ளே இருந்த பொட்டாசியம் அத்தனையும் குழாயில் கொட்டிவிடும். உடம்பில் ஒரு குறையும் இருக்காது, தாளில் மட்டும் ஏழு இருக்கும். அன்று அந்த ரத்தத்தை எடுத்தவன் சம்பத். உண்மை அன்று மதியமே அவனுக்குத் தெரியும். போர்டை மாட்டியது மறுநாள் காலை.

நேரே போய்க் கேட்டேன். சண்டைக்குப் போகவில்லை. வேப்பமரத்தைத் திருப்பிக் கொடு என்றுகூடக் கேட்கவில்லை. திட்டின அதே வாசலில், கூட்டம் இருக்கும்போது, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், போதும் என்றேன். அவன் கையுறையைக் கழற்றியபடி சொன்னான்: "போர்டுல போட்டது உண்மைதானே பெரியவரே, அப்புறம் இன்னா?"

உண்மைதான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

சம்பத்துக்கு வெட்டிய காய்

போன கோடையில் சம்பத்துக்கு வயிறு கலங்கிவிட்டது. கல்யாண வீட்டுப் பிரியாணி என்று ஸ்டெல்லா சொன்னாள். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை. உப்பெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள், ஒரு மடக்குக்கு மேல் இறங்கவில்லையாம். "கிட்னி நல்லாத்தான் இருக்கு, போய் ஒரு எளநி குடிங்க" என்று ஸ்டெல்லாவே அனுப்பிவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தான். எதிரே வேப்பமரத்தடியில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மாட்டிய போர்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

"கையக் காட்டு தம்பி" என்றேன். இரண்டு கையையும் நீட்டினான். திருப்பித் திருப்பி, எனக்கு வேண்டுமட்டும் பார்த்தேன். பிறகு இருப்பதில் நல்ல காயாக எடுத்து வெட்டிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தான். இன்னொன்று. அதையும் குடித்தான். முகத்தில் ரத்தம் வந்தது. காலை நீட்டி மடக்கிப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான், எதிர்ப்பக்கம் நின்ற கூட்டத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சம்பத் வாயைத் திறந்து கேட்டான்: "வழுக்கை இருக்கா?"

உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் ஓயாமல் ஒன்றை உள்ளே இழுத்து ஒன்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறதாம். சம்பத் என் இளநீர் இரண்டையும் வழுக்கையோடு உள்ளே இழுத்துக்கொண்டான், எனக்கு வரவேண்டிய வார்த்தையை மட்டும் இன்னும் வெளியே தள்ளவில்லை.