வண்டி சீஸ் ஆயிடுச்சி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. இடம், கும்மிடிப்பூண்டிக்கும் புதுவாயலுக்கும் நடுவே, கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் கொல்கத்தா நெடுஞ்சாலை. இன்றைக்கும் கம்பெனிக்குப் போக வர அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். தாண்டும்போது போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன்.

புதுவாயலில் எங்கள் வீடு. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். எனக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை. அவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தார். ஒருநாள் மெஷின் இறங்கியதில் இடது கையில் நடு விரல்கள் மூன்றும் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

விரல் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆள் மாறிப்போனதைத்தான் தாங்க முடியவில்லை. தெருவில் போகிற நாயைக்கூடக் கூப்பிட்டுப் பேசுகிற மனிதர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாசலுக்கே வரமாட்டேன் என்றுவிட்டார். யாராவது வந்தால் இடது கை துண்டுக்கு அடியில் போய்விடும். பழவேற்காட்டில் என் தம்பி கல்யாணம், அதற்கும் வரவில்லை. ஒருநாள் காலையில் நாஷ்டா தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் இல்லாங்காட்டி நீ நிம்மதியா இருப்பே" என்றார். அன்றிலிருந்து உடம்புதான் வேலைக்குப் போகும், மனசு வீட்டிலேயே கிடக்கும். டீ பிரேக்கில் போன் போடுவேன். எடுக்கும்வரை திரும்பத் திரும்பப் போடுவேன்.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய பழைய வண்டி ஒன்று கிடந்தது. அந்தக் காலத்து நூறு சி.சி. டூ ஸ்ட்ரோக். கல்யாணத்துக்கு முன்பே யாரோ ஓட்டித் தேய்ந்ததை வாங்கியிருந்தார். ஒரு டிசம்பர் மழையில் டேங்க் வரைக்கும் தண்ணீரில் முங்கியது. அதற்குப் பிறகு பாத்ரூம் சுவரில் சாய்த்துவைத்தது சாய்த்ததுதான். கிழிந்த சீட்டுக்குள் கோழி முட்டையிடும். ஹேண்டில்பாரில் நான் ஈரத்துணி காயப்போடுவேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், என் துணியெல்லாம் கொடிக்கு மாறியிருக்கிறது. அவர் வண்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாயா பண்ற?"

"சும்மாதாமே. கழலுதா இன்னான்னு பாக்கறேன்."

உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்தான் அவருடைய இடது கை. ஸ்பேனரைப் பிடி என்றால் பிடிப்பேன், நட்டைத் தாங்கு என்றால் தாங்குவேன். டேங்குக்குள் துரு அப்பியிருந்தது. புளித்தண்ணீரும் பொடி ஜல்லியும் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். நெஞ்செலும்பு வலித்தது. கார்புரேட்டரை என் குழம்புச் சட்டியில் பெட்ரோல் ஊற்றி ஊறவைத்துவிட்டார் என்று ஒருநாள் காட்டுக்கத்தல் கத்தினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இன்னும் இரண்டு சட்டி கொடுத்திருப்பேன். தேய்ந்துபோன சிலிண்டரைப் பையில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி லேத் பட்டறைக்குப் போய், உள்ளே புதிதாகக் குடையவைத்து, அதற்கேற்ற புது பிஸ்டனும் வாங்கி வந்தது நான்தான். அவர் வரவில்லை. கை விஷயம். நானும் வற்புறுத்தவில்லை.

பெரிய பிரச்சனை கிளட்ச். அது இடது கைப்பிடியில் இருக்கும், நடு விரல்களால்தான் இழுக்கவேண்டும். பல நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் வலது கைப்பிடியில் முன்சக்கர பிரேக் இருந்த இடத்துக்கு கிளட்சைக் கொண்டுபோய்விட்டார். பிரேக் இரண்டையும் கால் மிதியிலேயே சேர்த்துக் கட்டினார். வயர் நீளம் பத்தாமல் போய், அறுத்து, ஒட்டி, மறுபடி அறுத்து, எத்தனை தடவை என்று கணக்கில்லை. முடித்த அன்று வலது கையால் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். டேங்குக்குக் கறுப்புப் பெயின்ட். நான் ஆசைப்பட்டேன் என்று ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடும் இழுத்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த கிளட்சைப் பார்த்த நாளிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

"இப்டி மாத்தி வெச்சிக்கினு ரோட்டுக்குப் போனா போலீஸ்காரன் சீஸ் பண்ணிடுவான்யா."

"மொதல்ல ஓடட்டும்மே. அப்பால பாத்துக்கலாம்."

சீஸ் பண்ணிடுவான், சீஸ் பண்ணிடுவான் என்று தினம் ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். பயத்தில் சொன்னதுதான். அந்த வண்டியை யாராவது பிடுங்கிக்கொண்டால் இவர் திரும்பச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாரே என்கிற பயம்.

வண்டி ஓடியது. முதல் உதையில் புகை கக்கி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. அவர் உள்ளே ஓடவில்லை. வெயில் சாய்ந்த நேரமாகப் பார்த்து இரண்டு மூன்று நாள் எங்கள் தெருவுக்குள்ளேயே ஓட்டினார். அந்தச் சனிக்கிழமை காலை நான் கிளம்பும்போது, "சாய்ங்காலம் கம்பெனி பஸ்ல ஏறாதமே. நானே வந்து இட்டுக்கினு வரேன்" என்றார். என் காதை நம்பவே முடியவில்லை. கம்பெனி கேட் என்றால் ஷிஃப்ட் விடும் நேரம், அத்தனை ஜனம். அங்கே வருகிறேன் என்கிறார்.

செக்‌ஷனில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். மதியம் வாங்கிய மல்லிகைப் பூவை டப்பாவில் வைத்திருந்து, கேட்டுக்கு வெளியே வந்ததும் தலையில் வைத்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது. அவர் வருவதைப் பார்க்கவேண்டும் என்று கூட வேலை செய்கிற இரண்டு பெண்களும் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள்.

போன் வந்தது. லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்.

"வண்டி சீஸ் ஆயிடுச்சிமே. கவரப்பேட்டையாண்ட. நீ வந்துரு."

"நீ யாராண்டயும் வாய் குடுக்காத. நான் வரேன்" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார், கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் நிற்காத போன் அது.

எங்கள் பக்கம் வண்டி சீஸ் என்றால் ஒன்று பைனான்ஸ்காரன் தூக்கியிருப்பான், இல்லை போலீஸ் பிடித்திருக்கும். இந்த வண்டிக்குத் தவணை இல்லை. நான் சொன்னபடியே நடந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். ஆர்.சி. புக் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போய் என்ன பேசுவது? அது வீட்டில் இருக்கிறது. வீடு கவரைப்பேட்டையைத் தாண்டி. அந்தப் பெண்களோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, எல்லா சாமியையும் கும்பிட்டுக்கொண்டே நேராகப் புதுவாயல் போனேன். பீரோவிலிருந்து ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், அவருடைய ஊனச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கவரில் திணித்துக்கொண்டு, திரும்ப ஓர் ஆட்டோ பிடித்து கவரைப்பேட்டை போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அங்கே இருந்த ஏட்டு நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கையெடுத்துக் கும்பிட்டு, சார், கை இல்லாத மனுஷன் சார், அதனாலதான் கிளட்சை மாத்தினார் என்று நான்பாட்டுக்கு அழுகிறேன்.

"இரும்மா. இன்னிக்கி எந்த வண்டியும் புடிக்கவே இல்ல. இன்னா வண்டி அது?"

சொன்னேன். புது பிஸ்டன் போட்டதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அது நாங்க பண்ற சீஸ் இல்லம்மா. இன்ஜின் சீஸ். புது பிஸ்டன் போட்டா கொஞ்ச நாளைக்கி மெதுவா ஓட்டணும். முறுக்குனா சூடேறி உள்ளயே இறுக்கிக்கும், வண்டி நின்னுடும். மனுஷன் ரோட்ல நின்னுக்கினு இருப்பாரு, போய்ப் பாரு."

இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் ரோட்டுக்கு ஓடினேன்.

ஸ்டேஷனைத் தாண்டி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற சாலையோரம், ஒரு சின்னப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஹெல்மெட். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வண்டியைக் காணோம்.

"வண்டி எங்கயா?"

"எடைக்குப் போட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு போன ஒரு குட்டி யானை லோடு வண்டியை இவரே கைகாட்டி நிறுத்தி, ஏற்றிவிட்டிருக்கிறார். இத்தனை மாத வேலையை. பைத்தியமாயா உனக்கு என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தியிருந்தால் பரவாயில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்கே தெரியாம முறுக்கிட்டேன்மே. அவ்ளோ நல்லா இருந்திச்சி. டக்குனு பின் வீலு லாக் ஆயி இழுத்துக்கினு போவுது. பின்னாலயே டிரெய்லரு. கிளட்ச புடிச்சேன், வீலு விட்டுச்சி. ஓரமா வந்துட்டேன்."

அவர் வலது கைக்கு மாற்றிய அதே கிளட்ச். அது இல்லையென்றால் அந்த டிரெய்லருக்கு அடியில் போயிருப்பார். "நீ பண்ணதுதான்யா உன்ன காப்பாத்திச்சி" என்றேன். அது அவர் காதில் ஏறவே இல்லை.

"இன்ஜின் ஆறினா மறுபடி வந்துரும்னு தெரியும். ஆறட்டும், அதுக்குள்ள நீ வந்துடுவ, ரெண்டு பேரும் சேந்து மெதுவா போலாம்னுதான் போன் பண்ணேன். நீ அந்தப் பக்கம் ஆட்டோல போன. பாத்தேன். கை காட்டுனேன்."

மடியிலிருந்த ஹெல்மெட்டுக்குள்ளிருந்து இடது கையை எடுத்தார். "வலது கையால வண்டிய புடிச்சிக்கினு இருந்தேன். இந்தக் கையதான் தூக்குனேன்" என்றார்.

எங்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்குக்கூடக் காட்டாத கை அது. அத்தனை வண்டி போகிற ரோட்டில், எனக்காக உயரத் தூக்கிக் காட்டியிருக்கிறார். நான் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டு போயிருக்கிறேன். கூட அந்தப் பெண்கள் இருந்ததால் நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டேன் என்று அவர் நினைத்துவிட்டார். அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

நடுரோட்டில் கவரைப் பிரித்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் காட்டினேன். போலீஸ் என்று நினைத்துவிட்டேன்யா, இதை எடுக்கத்தான் போனேன்யா என்று கதறினேன். எல்லாவற்றையும் கேட்டார். சரி என்று தலையாட்டினார். நம்பினார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாலக் கட்டையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்த நேரம் அப்படியே அவருக்குள் இருந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அந்த இரும்புக்கடையைத் தேடிப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார். "நேத்து ராத்திரியே கட் பண்ணி லோடு போயிடுச்சிம்மா. சுத்தி எல்லாம் இரும்பு உருக்குற பர்னஸ். நம்ம ஏரியால பழைய இரும்பு தங்காதும்மா" என்றார். டேங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

வேறு பழைய வண்டி வாங்கித் தருகிறேன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டேன். வேண்டாம் என்பதற்குக்கூட வாயைத் திறக்கமாட்டார், தலைதான் ஆடும். சாப்பிடுகிறார், தூங்குகிறார், உயிரோடு இருக்கிறார். அதற்காகச் சந்தோஷப்படத்தான் வேண்டும். சில நாள் அதுவும் முடியவில்லை.

இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும், புரிந்துவிட்டது என்று தோன்றினாலும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி யாரிடம் கேட்டிருக்கவேண்டுமோ, அந்த ஒரே மனிதர்தான் இப்போது எதுவுமே சொல்வதில்லை.