வாசலில் காத்திருந்த பிள்ளைகள்

போர்க்காலம் அது. கண்தெரியாத பிள்ளைகளின் இல்லத்துக்கு நிதி சேர்க்க, உரும்பிராயிலிருந்து அந்த இல்லத்து வாசல்வரை ஓர் ஓட்டம் வைத்தார்கள். அங்கே பாட்டுப் படிப்பிக்கிற, பார்வையில்லாத ஒருவருக்கு நான் துணையாக ஓடினேன். ஒரு துணியால் எங்கள் கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மெலிந்து உயர்ந்த மனிதர். தொடக்கத்திலிருந்தே பகிடி விட்டு என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே ஓடினார்.

பாதி வழியில் இராணுவ ஹெலிகொப்டர் வந்து சுடத் தொடங்கியது. அவரை இழுத்துக்கொண்டு வேலியோரம் குப்புற விழுந்தேன். துணி அறுந்துவிட்டது. ஹெலி போனதும் எங்களோடு ஓடிய மற்றவர்கள் வீடுகளுக்குத் திரும்பினார்கள்.

“நாங்களும் திரும்புவம் அண்ணை. அது இன்னொருக்கா வந்தாலும் வரும்” என்றேன்.

“இல்லைத் தம்பி. பிள்ளையளுக்கும் வெடிச்சத்தம் கேட்டிருக்கும். நாங்கள் போகாட்டி, செத்துப்போனமெண்டெல்லே நினைப்பினம்.”

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். “அது திரும்ப வருதோ தம்பி?” என்று அடிக்கடி கேட்டபடி, எனக்கு முன்னால் போய் என்னை இழுத்தார்.

இல்லத்து வாசலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்தபடி வீதிப் பக்கம் காது கொடுத்து நின்றார்கள்.

வாசல் தெரிகிறது என்று அவரிடம் சொன்னேன். “நாங்கள் வந்திட்டம் பிள்ளையள்!” என்று தூரத்திலிருந்தே கத்தினார். ஒரு சிறுமி ஓவென்று அழத் தொடங்கினாள்.

அவ்வளவு பயந்த மனிதர் என்னைவிட வேகமாக ஓடினார். அது எப்படியென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.