கரி பஸ்ஸும் கரிய கழுகும்

யுத்த வருஷங்களில் பெட்ரோல் கிடைக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் பஸ் கரியில் ஓடியது. பின்னால் பொருத்திய அடுப்பில் கரியைக் கொட்டி ஊதிக் கிளப்புவார்கள். மில் ஆபீஸ் வேலைக்கு நான் அதில்தான் போய்வந்தேன். அந்தக் கரிக்காக மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மரம் வெட்டினார்கள்.

அங்கே ஓர் உயர்ந்த மருத மரத்தில் ஒரு ஜோடி கரிய கழுகுகள் கூடு கட்டியிருந்தன. மாசி தொடங்கி ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் சைக்கிளில் போய்ப் பார்ப்பேன். காண அரிய பறவை. மரத்தலைகளை உரசுவதுபோல் மெல்ல மிதந்து வந்து, சிறு பறவைகளின் கூட்டை அப்படியே காலில் பற்றிக்கொண்டு போகும். பறந்தபடியே முட்டையைத் தின்னும். தன் கூட்டுக்கோ பச்சை இலையாகக் கொண்டுவந்து பரப்பும். பங்குனியில் ஒரே ஒரு குஞ்சு பொரித்தது.

கோடரி நெருங்கியபோது மரம்வெட்டு மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன்.

"ஏலே, மரத்துக்கு வக்கீல் வந்திருக்காருலே!" என்று ஆட்களிடம் சிரித்தார். "சரி சார், ஒங்க கழுகு மரத்த மட்டும் விட்டுருதேன். பஸ்ஸு நின்னுபோனா என்னைய ஏசப்படாது."

சொன்னபடி விட்டார். சுற்றி நின்ற மரங்கள் போயின.

அந்த வருஷம் ஈஸ்டர் பிந்தி, சித்திரையில் வந்தது. அன்று போனபோது மருத மரம் வெட்டவெளியில் தனியாக நின்றது. வெயில் நேராகக் கூட்டில் விழ, தாய் இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்தபடி, அலகு திறந்து இரைத்துக்கொண்டிருந்தது. ஆண் கழுகு காலில் இரை எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது. அது தூக்கிவரும் கூடுகள் இருந்த மரங்களெல்லாம் கரிமூட்டத்தில் புகைந்துகொண்டிருந்தன.

மம்சாபுரத்துக்குப் போய்க் கோழிமுட்டை வாங்கிவந்து பாறைமேல் வைத்துவிட்டு விலகி உட்கார்ந்தேன். காக்கைகள் கொத்திக் குடித்தன.

"காக்காய்க்கு விருந்து வைக்கவா இம்புட்டு தூரம் சைக்கிள் மிதிச்சிய?" என்றார் மேஸ்திரி. பிறகு கூட்டை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "நான்தான் விட்டுட்டேன்லா சார். வேற என்ன செய்ய?"



அடுத்த ஞாயிறு பாறைமேல் ஏறிப் பார்த்தேன். குஞ்சு கழுத்தைத் தொங்கவிட்டுச் செத்துக் கிடந்தது. தாய் அப்போதும் இறக்கையை மடக்கவில்லை. உச்சிவேளையில் ஆண் மலைப்பக்கமிருந்து ஒரு பச்சைக் கொப்பைக் கொண்டுவந்து கூட்டில் வைத்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை பஸ் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். வேலைக்குப் போக வேறு வண்டி கிடையாது.